நரம்பு மட்டும் பச்சை

ஹெர்பர்ட் தொரையின் பங்களாவில் அந்த மரத்தின் இலை மஞ்சளானதை முதலில் பார்த்தது பாலாமணி அக்காதான். பார்த்ததும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தான் செய்த முதல் தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் ஒரு தப்பு நடந்திருந்தது அப்போது அவருக்கே தெரியாது.

நான் இதை அக்கா சொன்ன வரிசையில் எழுதவில்லை. அவர் கோபம் வந்த இடத்திலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாகச் சொன்னார். படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மரம் என்றால் பெரிய மரம் இல்லை. அசேலியா. தரையில் வைத்தால் ஆள் உயரத்துக்குப் புதராகும் செடியைத் தட்டையான தொட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி, முழங்கை உயரத்தில் நிறுத்தியிருந்தார் தொரை. போன்சாய். இருபத்தாறு வருட மரம். அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பெரியது, இலை என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுத்தான் பெரியது. பங்குனியில் இலை தெரியாமல் பூக்கும்.

ஹெர்பர்ட் தொரை குன்னூர்ப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டை ஒட்டியே ஒரு சின்னப் பங்களா வாங்கி, மனைவி ஜெஸிந்தா அம்மாவோடு இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் அவர் தொரைதான்.

பாலாமணி அக்கா எங்கள் லைனில் மூன்றாவது வீடு. பதினாறு வயதில் கொழுந்து எடுக்கக் கூடை மாட்டியவர். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அவருக்கு நாற்பத்தொன்று. தேயிலை விலை விழுந்து, பச்சை இலையைப் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டங்கள் கையைத் தூக்கிய வருடங்கள் அவை. எங்கள் பாக்டரி பூட்டிக் கிடந்தது. வாரத்தில் புதன்கிழமை ஒருநாள் மட்டும் கொழுந்தெடுப்பு. அந்த இலை வேறு பாக்டரிக்கு லாரியில் போனது. அக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். "நீயும் புள்ளையும் வந்துருங்க" என்று மாதம் ஒருமுறை ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். மகள் மனிஷா பத்தாம் வகுப்பு. இந்த வருடம் அவளைப் பள்ளியிலிருந்து பெயர்த்தெடுத்தால் அவளும் கம்பெனியில்தான் போய் நிற்பாள் என்பது அக்காவுக்குத் தெரியும். பங்களாவில் கிடைத்த தோட்ட வேலை ஒன்றுதான் அவரை மலையில் பிடித்து வைத்திருந்தது. அந்த வேலை போனால் திருப்பூர். நடுவில் வேறு வழி இல்லை.

சித்திரையில் பூ ஓய்ந்ததும் தொரை கிளைகளைக் கழித்து மரத்தைக் கவ்வாத்து வெட்டினார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. "இன்னும் கொஞ்சம் போனா கிளை எது, என் விரல் எதுன்னு தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாராம். வெட்டி முடித்த மறுவாரம் கோயமுத்தூருக்கு ஆபரேஷனுக்குப் போனார்கள். ஒரு கண், பிறகு இன்னொரு கண். அம்மாவும் கூடவே இருந்தார். திரும்பி வந்தபோது ஆனி பிறந்துவிட்டது. தொரை பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதை எடுக்கக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மனசைப் போட்டு உழப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரச் சனிக்கிழமை பரிசோதனை. அன்று கண்ணாடி போய்விடும்.

அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால்தான் மஞ்சள் தெரிந்தது. புதிதாக விட்ட துளிர் முழுக்க வெளுத்திருந்தது.

தொரை வந்த அன்று காலையிலேயே வராந்தாவில் மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே இருட்டுப் பச்சை. விரலால் இலைகளைத் தடவிப் பார்த்தார். சுருளவில்லை, காயவில்லை, ஓட்டை இல்லை. மஞ்சள் விரலுக்குத் தெரியாது.

"இலை எப்படியிருக்கு பாலாமணி?"

"நல்லாருக்குதுங்க தொரை."

பின்னால் நின்ற ஜெஸிந்தா அம்மாவின் கண்ணும் அப்போதுதான் மரத்தின் மேல் விழுந்தது. அவர் அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன இது?"

"தெரியலீங்க அம்மா. நாலு நாளா இப்பிடித்தானுங்க இருக்குது."

"அவர் கண்ணாடி எடுக்கிறதுக்குள்ள சரி பண்ணியாகணும். இப்போ அவருக்குச் சொல்லாதே. எதுவும் டென்ஷன் ஆகக் கூடாது."

ஆக, அந்த வீட்டில் மூன்று பேர் மரத்தைப் பார்த்தார்கள். பார்க்க முடியாத ஒருவரிடம் நன்றாக இருக்கிறது என்று தினமும் சொன்னார்கள். மூன்றாவது ஆள் மாரப்பன் அண்ணன். ஐம்பத்தைந்து வயது. ஊற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வந்து தொட்டிகளுக்கு ஊற்றுவது அவர் வேலை.

அம்மா முதலில் எஸ்டேட்டில் மருந்தடிக்கிற மேஸ்திரி நஞ்சப்பனை வரவழைத்தார். தொரை தூங்குகிற நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாக. நஞ்சப்பன் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பார்ப்பதற்கு முன்பே பதில் வைத்திருந்தார்.

"செஞ்சிலந்திங்க அம்மா. சந்தேகமே இல்ல. கந்தக மருந்து ஒரு தெளிப்பு, அவ்வளவுதான்."

"தேயிலைக்கு வர்றதா?"

"தேயிலைக்கு வந்தா இதுக்கு வராதுங்களா? சிலந்திக்கு எந்தச் செடின்னு படிக்கத் தெரியுமுங்களா?"

பம்பில் மருந்தைக் கலக்கியே விட்டார். பாலாமணி அக்கா குறுக்கே போய் நின்றார். தன் தலைத்துண்டின் வெள்ளை ஓரத்தை ஓர் இலையின் அடிப்பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிலந்திப் பூச்சி இருந்தால், நசுங்கித் துணியில் செம்மண் கோடு போல விழும். பத்துப் பன்னிரண்டு இலையில் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"எங்கீங்க மேஸ்திரி உங்க சிலந்தி? லீவுல போயிருச்சுங்களா?"

"ஏம்புள்ள, இருபது வருசமா மருந்தடிக்கறவன் நானா, நீயா?"

"நீங்கதானுங்க. அதான் பயமா இருக்குது."

நஞ்சப்பனுக்கு முகம் சிவந்தது. ஆனால் அம்மா துணியை வாங்கிப் பார்த்தார், பம்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. கொப்புள நோய் இருக்கிறதா என்று இலையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இல்லை. உரம் போதாமல் இருந்தால் முதலில் மஞ்சளாவது அடியில் இருக்கிற பழைய இலை. தாய் தன் சாப்பாட்டைப் பிள்ளைக்குத் தள்ளிவிடுவது போலப் பழைய இலை புதியதற்குக் கொடுத்துவிட்டுத் தான் வெளுக்கும். இங்கே பழைய இலை எல்லாம் நல்ல பச்சை. துளிர்தான் மஞ்சள். அதிலும் முழு மஞ்சள் இல்லை. இலைப் பரப்பு எலுமிச்சை நிறத்தில் இருக்க, நரம்பு மட்டும் பேனாவால் வரைந்தது போலப் பச்சையாக ஓடியது. இந்த மாதிரி எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார். சமையலறைக் கெட்டிலைக் கழுவும்போது அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. போர்வெல் குழாய்த் தண்ணீரின் உப்பு. மரத்துக்கு அந்தத் தண்ணீர் கூடவே கூடாது என்பது தொரையின் கட்டளை. அதற்காகத்தான் ஊற்றுத் தண்ணீர், அதற்காகத்தான் மாரப்பன் அண்ணன்.

"மாரப்பா, நாங்க இல்லாதப்போ எந்தத் தண்ணி ஊத்தின?"

"ஊத்துத் தண்ணிதானுங்க அம்மா. மாரியாத்தா சத்தியமுங்க."

"சத்தியமெல்லாம் வேண்டாம். ஒரு நாள்கூட மாத்தலையா?"

மாரப்பன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. கையைப் பிசைந்தார். "ரெண்டே ரெண்டு நாளுங்க. காச்சல் அடிச்சுக் கெடந்தனுங்க. மேட்டுல ஏற முடியல. குழாயில புடிச்சு ஊத்திட்டனுங்க."

"போதும்" என்றார் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சனிக்கிழமை கணவர் கண்ணைத் திறந்து பார்க்கும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார், பதில் கிடைத்துவிட்டது. "வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ. சாவியை பாலாமணிகிட்ட குடுத்துடு."

மாரப்பன் அண்ணன் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பாலாமணி அக்காவுக்கு அன்று மாலை வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. "நம்ம மேல வரலையேன்னு இருந்துச்சு. சோறுகூட நல்லாத் தின்னேன்" என்றார்.

ஆனால் படுத்த பிறகு ஒரு கணக்கு உதைத்தது. அந்த இரண்டு நாளும் மாரப்பன் அண்ணன் குழாய்த் தண்ணீரை இந்த மரத்துக்கு மட்டும் ஊற்றியிருக்க முடியாது. வராந்தாப் படியில் இன்னும் பன்னிரண்டு அசேலியாத் தொட்டிகள் இருந்தன. அதே வாளி, அதே தண்ணீர். அவை எல்லாம் பச்சையாக இருந்தன.

மறுநாள் புதன். கொழுந்தெடுப்பு. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சரிவின் நடுவில் ஒரு திட்டு. அங்கே செடிகள் எப்போதும் குட்டையாக, சோகை பிடித்து நிற்கும். கொழுந்து தேறாது என்று எல்லோரும் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள். அக்கா ஒரு துளிரைக் கிள்ளிக் கூடையில் போடப் போனவர், கையை நிறுத்திவிட்டார்.

இலை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை.

"என்ன, கொழுந்தைக் கண்ணு வெச்சுட்டு நிக்கற?" என்று பக்கத்து வரிசையில் இருந்த சின்னம்மை கேட்டார்.

"இந்த எடம் மட்டும் ஏன் இப்பிடி?"

"தெரியாதாக்கும். பழைய லைன் இருந்த எடமில்ல? இடிச்சப்போ வெள்ளையடிச்ச செவுரு, காரை எல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சு. சுண்ணாம்புல நட்டா எது வெளங்கும்? நட, நட, மேஸ்திரி பாக்கறாரு."

சுண்ணாம்பு. அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

எஸ்டேட்டில் கவ்வாத்து வருடம் என்றால் டோலமைட் உண்டு. வெள்ளைப் பொடி, அதுவும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தான். பல வருடம் உரம் போட்டுப் போட்டுப் புளித்த தேயிலை மண்ணை அது கொஞ்சம் சமன் செய்யும். பெண்கள் பேசினில் அள்ளி வீசிக்கொண்டு போவார்கள், முழங்கை வரை வெள்ளையாகிவிடும். இருபத்தைந்து வருடம் அக்கா அதைச் செய்திருக்கிறார். கவ்வாத்து வெட்டிய செடிக்கு டோலமைட் போடாமல் விடுவது பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் கொடுக்காமல் விடுவது போல. சித்திரையில் தொரையும் அம்மாவும் கோயமுத்தூர் போன மறுநாள், வெட்டுப்பட்டு மொட்டையாக நின்ற அந்தச் சின்ன மரத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்தது. கொட்டகையில் கிழிந்த மூட்டை ஒன்று கிடந்தது. ஒரு கைப்பிடி எடுத்து, மேல் மண்ணை விரலால் கீறி, தூவி, மூடி, தண்ணீர் தெளித்தார். யாரும் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலை என்று செய்தார். பிறகு மறந்தே போனார்.

புதன் மாலையும் வியாழன் முழுவதும் அக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் அவருடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. சொன்னால் வேலை போகும், திருப்பூர், மனிஷாவின் படிப்பு முடிந்தது. சொல்லாவிட்டால் மாரப்பன் அண்ணன் போவார், யாருக்கும் எதுவும் தெரியாது. தண்ணீரை மாற்றிவிட்டோம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். தொட்டிக்குள் டோலமைட் கரைந்துகொண்டே இருக்கும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும்.

வெள்ளிக்கிழமை காலை சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு மாரப்பன் அண்ணன் பின்வாசலில் நின்றார். "இந்தா அம்மிணி. கொட்டகைப் பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். எண்ணெய் விட்டுக்கோ."

அக்கா சாவியை வாங்கவில்லை. நேராக வராந்தாவுக்குப் போனார். தொரை மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தொரை, மரத்துக்குச் சொகமில்லீங்க."

அம்மா உள்ளிருந்து ஓடி வந்தார். "பாலாமணி!"

"துளிரெல்லாம் மஞ்சளுங்க. பதினஞ்சு நாளாச்சுங்க. மாரப்பண்ணன் தண்ணியில ஒண்ணுமில்ல. நான்தானுங்க டோலமைட் போட்டுட்டேன்."

தொரை கண்ணாடியைக் கழற்றினார். "போடுங்க, போடுங்க, கண்ணாடியைப் போடுங்க!" என்று அம்மா கத்தினார். அவர் கேட்கவில்லை. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட மரத்தைப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நிறங்கள் பளிச்சென்று தெரியுமாம். அவ்வளவு மஞ்சளை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எவ்வளவு போட்ட?"

"ஒரு கைப்பிடிங்க."

"யாரோட கை? காட்டு."

அக்கா கையை விரித்துக் காட்டினார். கொழுந்து எடுத்துக் கறுத்த, அகலமான கை.

"காட்டுக்குப் போடற கணக்குல தொட்டிக்குப் போட்டிருக்க. ஏன் போட்ட?"

"கவ்வாத்து வெட்டினீங்களே தொரை."

"இது தேயிலையா? இதுக்குப் புளிச்ச மண்ணுதான் உயிர்."

"கவ்வாத்துக்கு டோலமைட், கவ்வாத்துக்கு டோலமைட்னு காட்டுக்குக் காடு வந்து சத்தம் போட்டது நீங்கதானுங்களே. எங்களுக்குச் செடின்னா அதுதானுங்க."

தொரை திரும்பியது மனைவி பக்கம். "பதினஞ்சு நாளா? தினம் கேட்டேனே ஜெஸி. டாக்டர் கண்ணைக் குடுத்தாரு. நீங்க எல்லாருமாச் சேர்ந்து என்னைக் குருடனாவே வெச்சிருந்தீங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

தொட்டியை மாற்றுவது ஒன்றுதான் வழி. மழைக்காலம், துளிர் விட்ட நேரம். வேரில் கை வைத்தால் மரம் செத்தாலும் செத்துவிடும், வைக்காவிட்டால் நிச்சயம் சாகும் என்றார் தொரை. அவர் குனியக் கூடாது. மாரப்பன் அண்ணன் விரல்கள் அந்த வேலைக்கு ஆகாது. அக்காவே செய்தார். மரத்தைத் தொட்டியிலிருந்து கிளப்பியபோது வேர் பஞ்சு போலப் பின்னிக் கிடந்தது. நடுவில் அங்கங்கே வெள்ளைத் துணுக்குகள். பழைய குடைக்கம்பியால் கோதிக் கோதி, ஊற்றுத் தண்ணீரில் அலசினார். தொரை நாற்காலியிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்: "இழுக்காதே! கோது! அது சடை இல்ல, உயிர்!" பைன் மரத்தடியில் அள்ளிய மக்கையும் புது மண்ணையும் கலந்து மறுபடி நட்டு, இரும்புச் சத்துக்காக அன்னபேதி உப்பு கரைத்த தண்ணீரைக் கொஞ்சமாக விட்டார்கள். முடிய மத்தியானமாகிவிட்டது.

கை கழுவும்போது ஜெஸிந்தா அம்மா வந்தார். "மாரப்பன் இருக்கட்டும். நீ நாளைக்கு வர வேண்டாம், பாலாமணி." டோலமைட் போட்டதற்கா, சொன்னதற்கா, அவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்ததற்கா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. தொரை வராந்தாவில்தான் இருந்தார். அம்மாவைத் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா பள்ளிக்குப் போய் மனிஷாவின் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார். மனிஷா மூன்று நாள் தன் அம்மாவோடு பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மாரப்பன் அண்ணன் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினார். ஓரம் கருகியிருந்தது.

"இது என்னன்னு பாரம்மிணி."

"மேலக் கிளையா, கீழக் கிளையா?"

"எலைன்னா எலைதானே. யாரு பாத்தா?"

"நல்லாருக்குதுண்ணா நீங்க பாக்கற லட்சணம். வேரு இன்னும் தண்ணி இழுக்கல. வெயில்ல வெக்காதீங்க. ஈரச் சாக்கைச் சுத்திக் கட்டுங்க."

நான்கு நாள் கழித்து இன்னொன்று. துவண்டு தொங்கியது. அக்கா அதை மூக்கருகில் வைத்தார், விரலால் மடக்கினார். முகம் மாறிவிட்டது.

"தெனமும் ஊத்தறீங்களா?"

"பாவமா இருக்குதே."

"பாவம் பாத்து நான் பட்டது போதாதா? மூணு நாளைக்குச் சொட்டுத் தண்ணி கூடாது. வேர் அழுகிருச்சுன்னா அவ்வளவுதான்."

அந்த மூன்று நாள் அக்கா வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். திருப்பூருக்குப் போக மூட்டை கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பஸ். ஒரு கிளை காய்ந்துபோய்த் தொரையே வெட்டிவிட்டார் என்று மாரப்பன் அண்ணன் சொன்னார். பிறகு அவரும் சில நாள் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். இந்த முறை சட்டைப் பைக்குள் கை விடவில்லை. கையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தார். ஓரங்கள் கச்சிதமாக மடிக்கப்பட்டிருந்தன. உள்ளே ஈரப் பஞ்சு, அதன் மேல் ஒரே ஓர் இலை. துளிர். மாரப்பன் அண்ணனுக்குப் பஞ்சு வைத்து மடிக்கத் தெரியாது.

அக்கா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பரப்பும் நரம்பும் ஒரே பச்சை. நரம்பு எது என்று தேட வேண்டியிருந்தது.

"அம்மாதான் குடுத்து விட்டாங்க" என்றார் மாரப்பன் அண்ணன். "இது நல்லதா, கெட்டதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. தொரையும் பக்கத்துலதான் நின்னாரு."

அக்கா இலையைப் பொட்டலத்துக்குள் வைத்து, அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மரத்துல இருக்கறதே இத்தனூண்டு. கேக்கறதுக்கு ஒண்ணு, சொல்றதுக்கு ஒண்ணுன்னு கிள்ளிக்கிட்டே இருந்தா என்ன மிஞ்சும்? காத்தால நானே வந்து பாக்கறேன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு அக்கா பங்களாவின் பின்வாசல் வழியாக உள்ளே போனார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. போகவும் யாரும் சொல்லவில்லை. திருப்பூர் பஸ் எட்டு மணிக்கு. மனிஷா மூட்டை மேல் உட்கார்ந்து பங்களாப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டரை ஆன பிறகு எழுந்து, மூட்டையை அவிழ்த்து, முதலில் தன் புத்தகங்களை வெளியே எடுத்தாள்.